மலிவு விலைப் பங்கு வாங்கலாமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். பங்குச் சந்தைக் கணக்கைப் போனிலேயே திறக்கலாம் என்று 2020இல் வந்த பிறகு, கலியாண வீடோ மீன் சந்தையோ கோயில் வாசலோ, எங்கே போனாலும் யாராவது ஒரு பழைய மாணவர் மறித்து இதைத்தான் கேட்கிறார். ஆறுதலாக உட்கார்ந்து பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் கேட்ட கேள்விகளையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சேர், ஒரு பங்கு 40 சதம்தான். 40 ஆயிரம் ரூபாவுக்கு ஒரு லட்சம் பங்கு வருகிறது. இது மலிவுதானே?

விலை குறைவு என்பது சரி. மலிவா என்பது வேறு கேள்வி.

ஒரு கேக்கை எத்தனை துண்டாக வெட்டினார்கள் என்று தெரியாமல் துண்டின் விலையை மட்டும் பார்ப்பது போன்றது இது. பங்கின் விலையைக் கம்பனி வெளியிட்ட மொத்தப் பங்குகளால் பெருக்குங்கள். வருவதுதான் முழுக் கம்பனிக்கும் சந்தை போட்டிருக்கும் விலை. 40 சதப் பங்கு 200 கோடி இருந்தால் கம்பனியின் விலை 80 கோடி ரூபா. அந்தக் கம்பனி வருடத்துக்கு 50 லட்சம் உழைக்கிறது என்றால், 50 லட்சம் உழைக்கும் ஒரு கடையை 80 கோடி கொடுத்து வாங்குவீர்களா? மாட்டீர்கள். 300 ரூபா விலைப் பங்கு 20 லட்சம்தான் உள்ள இன்னொரு கம்பனியின் மொத்த விலை 60 கோடி. அது வருடம் 12 கோடி உழைத்தால் எது மலிவு?

ஒரு லட்சம் பங்கு கையில் இருக்கிறது என்ற எண்ணம் மனதுக்கு இனிப்பாக இருக்கும். அந்த இனிப்புக்காகவே பலர் வாங்குகிறார்கள், அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் சின்னக் கம்பனி என்று எதைச் சொல்வது?

மேலே சொன்ன பெருக்கல் கணக்கில் சிறிய தொகை வருவதைத்தான். பங்கின் விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம்முடைய ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. சீனக்குடாப் பக்கம் போகும்போது காட்டுக்குள் தெரியும் எண்ணெய்த் தாங்கிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பிரித்தானியர் காலத்தில் கட்டியவை, மொத்தம் 99. அவற்றில் ஒரு பகுதியை நடத்தும் லங்கா ஐஓசி 2004இல் தன் பங்கை 27 ரூபாவுக்கு வெளியிட்டது. 2021இல் அதே பங்கு அதைவிடக் குறைந்த விலைக்கும் கிடைத்தது. 20 ரூபாவுக்குக் கிடைத்ததால் அது சின்னக் கம்பனி என்று எண்ணக்கூடாது. 53 கோடிக்கும் மேல் பங்குகள், பெருக்கிப் பாருங்கள், 1,000 கோடி ரூபாவைத் தாண்டும்.

அதே பங்கு 2022இல் 200 ரூபாவைத் தாண்டியது. அதைப் பார்த்துத்தான் நம் ஊரில் பாதிப்பேருக்கு இந்த ஆசையே வந்தது. ஆனால் 2022 ஜனவரியில் தாங்கிகள் பற்றிய ஒப்பந்தம் கைச்சாத்தானது, எரிபொருள் விலைகள் ஏறின, கம்பனியின் இலாபமும் கூடியது. குறைந்த விலையில் இருந்ததால் மட்டும் அது ஏறவில்லை. ஏறிய விலையில் அது நின்றுவிடவும் இல்லை, அடுத்த வருடங்களில் நன்றாகவே இறங்கியது.

சின்னக் கம்பனியில் உண்மையிலேயே நல்ல இலாபம் வருமா, இல்லை எல்லாம் கதையா?

வரும். இதை மறைத்துப் பேசினால் நான் நேர்மையாகப் பேசியவனாக மாட்டேன். பெரிய வங்கி ஒன்றின் இலாபம் இரட்டிப்பாகப் பல வருடம் எடுக்கும். 30 பேர் வேலை செய்யும் ஒரு கம்பனிக்கு ஒரு புதிய ஏற்றுமதி ஓடர் கிடைத்தாலே போதும், இலாபம் மூன்று மடங்காகும். பெரிய நிதியங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை, அவர்கள் போடும் தொகைக்கு அங்கே இடமில்லை. ஆகவே யாரும் கவனிக்காத நல்ல கம்பனியைப் பொறுமையாகக் கணக்குப் படிக்கிற ஒருவர் கண்டுபிடிக்க முடியும்.

ஆனால் அதே 30 பேர் கம்பனி அந்த ஒரு ஓடரை இழந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியது. மேலதிகப் பற்றில் காலம் ஓட்டிய சிறிய கம்பனிகளுக்கு அன்றே மூச்சு முட்டியது. பெரியவர்கள் வங்கியோடு பேசித் தவணை மாற்றிக்கொள்வார்கள், சின்னவர்களுக்கு அந்தச் செல்வாக்கு இல்லை.

வாங்கியபோது சுலபமாக வாங்கினேன். விற்கப் போட்டால் நாள்கணக்கில் போகவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். நட்டப்பட்டு வருபவர்களில் அநேகர் தவறான கம்பனியை வாங்கியதால் நட்டப்படவில்லை, வெளியே வர முடியாமல் நட்டப்பட்டவர்கள்.

கரைவலை இழுத்த மீனை விடிய ஐந்து மணிக்கு ஏலம் போடும்போது பாருங்கள். பத்து வியாபாரிகள் நின்றால் பாரை நல்ல விலைக்குப் போகும். அதே மீனை, ஐஸ் இல்லாமல், பகல் பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொண்டு நில்லுங்கள். வருகிற ஒருவர் கேட்கிற விலைதான் விலை. மீனில் குறை இல்லை, வாங்க ஆள்தான் இல்லை. சிறிய கம்பனிப் பங்கு பெரும்பாலான நாட்களில் பகல் பன்னிரண்டு மணி மீன்தான்.

40 சதப் பங்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொழும்புச் சந்தையில் இந்த விலைகள் 10 சதம் 10 சதமாகத்தான் நகரும், 40க்கும் 30க்கும் நடுவே 35 இல்லை. திரையில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். 40 சதத்துக்கு விற்க 60 லட்சம் பங்கு வரிசையில் நிற்கும். 30 சதத்துக்கு வாங்க 45 லட்சம் பங்குக்கு ஆள் நிற்கும். நீங்கள் உங்கள் ஒரு லட்சத்தை 40க்கு விற்கப் போட்டால் அந்த 60 லட்சத்துக்குப் பின்னால் போய் நிற்பீர்கள், ஒரே விலையில் முதலில் போட்டவருக்குத்தான் முதல் இடம். ஒரு நாளைக்கு 3 லட்சம் பங்கு கைமாறினால் உங்கள் முறை வர நான்கு கிழமை. அவசரம் என்றால் 30க்குக் கொடுக்க வேண்டும். கம்பனியில் ஒன்றுமே நடக்காமல் உங்கள் காசில் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது.

ஆகவே வாங்குவதற்கு முன்பே கடந்த ஒரு மாதத்தில் தினமும் எத்தனை பங்கு கைமாறியது என்று பாருங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் தொகை ஒரு நாள் வியாபாரத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்தில் ஒன்று என் சொந்த அளவுகோல், சட்டம் அல்ல.

தரகுக் கூலி எவ்வளவு?

10 கோடி ரூபாவுக்குட்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு, தரகு, சந்தைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம். வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு. ஆக 40 ஆயிரத்துக்கு வாங்கி 50 ஆயிரத்துக்கு விற்றால் 448ம் 560ம், மொத்தம் 1,008 ரூபா கழியும். இன்றைக்கு வாங்கி நாளை மறுநாள் விற்று விளையாடுபவர்களின் காசை இந்தக் கூலி சத்தமில்லாமல் தின்றுவிடும். கம்பனி பங்கிலாபம் தந்தால் அதில் 15 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதிதான் வரும்.

கணக்கு அறிக்கை பார்க்கச் சொல்கிறீர்கள். எனக்குக் கணக்கீடு தெரியாது. எதைப் பார்ப்பது?

பங்குச் சந்தை இணையத்தளத்தில் ஒவ்வொரு கம்பனியின் காலாண்டு நிதிக்கூற்றும் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் மூன்று காலாண்டுகளுக்கு, காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் போட வேண்டும் என்பது விதி, கடைசிக் காலாண்டுக்கு இரண்டு மாதம். ஒரு கம்பனி அதைத் தாமதமாகப் போடுகிறதா என்பதே உங்களுக்குக் கிடைக்கும் முதல் செய்தி. அதைத் திறக்காமலேயே தெரிந்துகொள்ளலாம்.

திறந்த பிறகு, எல்லோரும் இலாபத்தைத்தான் தேடுவார்கள். நான் முதலில் காசுப் பாய்ச்சல் கூற்றைத் தேடுவேன். தொழில் நடத்தியதால் காசு உள்ளே வந்ததா, வெளியே போனதா? இலாபம் 2 கோடி என்று எழுதியிருக்கும், ஆனால் தொழிலிலிருந்து வந்த காசு கழித்தல் 3 கோடியாக இருக்கும். அப்படியென்றால் கடனுக்கு விற்றிருக்கிறார்கள், வருமதி வரவில்லை. அல்லது காணியை மறுமதிப்புச் செய்து அதை இலாபத்தில் காட்டியிருப்பார்கள். காணியின் விலை காகிதத்தில் ஏறியதை வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது.

அடுத்து, கடைசிப் பக்கங்களில் முதல் 20 பங்குதாரர்களின் பட்டியல். இதை ஒருவரும் பார்ப்பதில்லை, எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பக்கம். ஒரே குடும்பமும் தாய்க் கம்பனியும் 85 சதவீதம் வைத்திருந்தால் சந்தையில் சுழல்வது மீதி 15தான், விலையை ஏற்றுவதும் இறக்குவதும் சிலர் கையில். போன காலாண்டுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். யார் கூட்டினார்கள், யார் சத்தமில்லாமல் குறைத்தார்கள் என்று தெரியும்.

பிறகு கணக்காய்வாளர் அறிக்கை, இது ஆண்டறிக்கையில் இருக்கும். கம்பனி தொடர்ந்து இயங்குமா என்பதில் ஐயம் என்று ஒரு பந்தி இருந்தால் அதை இரண்டு தரம் வாசியுங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் 220ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிகர சொத்து, கூறப்பட்ட மூலதனத்தின் பாதிக்குக் கீழே இறங்கினால் பணிப்பாளர்கள் பங்குதாரர்களைக் கூட்டி அதை விளக்க வேண்டும். அந்த 220 என்ற இலக்கம் எங்கேயாவது கண்ணில் பட்டால், போட்ட முதலில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது என்று அர்த்தம். கம்பனியின் பெயர் வாட்ச் லிஸ்ட்டில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், அது கண்காணிப்பில் உள்ள கம்பனிகளின் பட்டியல்.

ஒரே கம்பனிக்கு இரண்டு மூன்று விலை காட்டுகிறதே?

குறியீட்டில் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்தைப் பாருங்கள். என் என்றால் வாக்குரிமையுள்ள சாதாரண பங்கு. எக்ஸ் என்றால் வாக்குரிமை இல்லாதது, பொதுவாகக் கொஞ்சம் விலை குறைவு, பங்கிலாபத்துக்காக வாங்குபவருக்கு அதில் பிழையில்லை. டபிள்யூ என்றால் வாரன்ட். அது பங்கே இல்லை, குறித்த நாளில் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை மட்டும். பங்கின் விலை அந்த அளவுக்கு ஏறாவிட்டால் குறித்த நாளோடு அதன் பெறுமதி பூச்சியம். மலிவாக இருக்கிறதே என்று வாரன்டைப் பங்கென நினைத்து வாங்கிய ஒரு தம்பி என் வீட்டு விறாந்தையில் இருந்து அழுதான். அவன் முகம் இன்னும் மறக்கவில்லை.

தமிழ்நாட்டு யூடியூப் சனல்களில் எல்லாம் நன்றாகச் சொல்லித் தருகிறார்களே?

நல்ல ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள், அடிப்படைகளைத் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் சட்டமும் வரியும் அவர்கள் நாட்டுக்குரியவை. அவர்கள் டீமேட் என்பது நமக்கு சிடிஎஸ் கணக்கு, அதாவது வாங்கிய பங்குகள் மின்னணு முறையில் பதிவாகி இருக்கும் கணக்கு. அவர்கள் சொல்லும் முகப்பெறுமதி, அதாவது பங்குக்குக் கம்பனி ஆரம்பத்தில் குறித்துவைக்கும் பெயரளவு விலை, என்பதே நம்மிடம் இல்லை, 2007 சட்டத்தோடு போய்விட்டது. "முகப்பெறுமதி 10 ரூபா, சந்தையில் 4 ரூபா, ஆகவே மலிவு" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார், இங்கே அந்தக் கணக்கே செல்லாது. அதைவிட, அங்கே ஒரு சிறிய பங்கை ஒரு நாளில் வாங்கி விற்பவர்களின் தொகை நம் சந்தையோடு ஒப்பிடவே முடியாதது. அவர்கள் சொல்லும் வேகமான உத்திகள் இங்கே வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

வட்ஸ்அப் குழுவில் "இந்தக் கிழமை இது ஏறும்" என்று போடுகிறார்கள். இரண்டு தரம் சரியாகவும் வந்தது.

அது சரியாக வந்ததுதான் ஆபத்து. மெல்லிய வியாபாரம் உள்ள பங்கில் 500 பேர் ஒரே காலையில் வாங்கினால் விலை ஏறத்தான் செய்யும். அந்த 500 பேருக்கும் விற்றது யார் என்று கேளுங்கள். முன்கூட்டியே 30 சதத்துக்குச் சேர்த்து வைத்தவர் 50க்கு விற்றுவிட்டுப் போயிருப்பார், நீங்கள் 50க்கு வாங்கி நிற்பீர்கள். இப்படி விலையைச் செயற்கையாக ஆட்டுவது 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டப்படி குற்றம். ஆனால் வழக்கு முடியும்வரை உங்கள் காசு காத்திருக்காது. குழுவில் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டால், அல்லது "எங்கள் கணக்குக்குப் போடுங்கள், நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்றால், அங்கேயே விலகிவிடுங்கள். பங்கு வாங்கும் காசு அனுமதி பெற்ற தரகருக்கு மட்டுமே போக வேண்டும்.

உங்களுக்கு நட்டம் வந்ததில்லையா, சேர்?

வந்தது. யுத்தம் முடிந்த பிறகு சந்தை பாய்ந்து ஏறியது, சந்தையின் எல்லாப் பங்குகளின் விலைப்போக்கையும் ஒரே எண்ணில் காட்டும் மொத்தச் சுட்டெண் 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தொட்டது. அந்த வேகத்தில் நானும் ஒரு சிறிய கம்பனியில் 12,000 பங்கு, 14 ரூபாவுக்கு வாங்கினேன். ஒரு லட்சத்து 68 ஆயிரம், அன்று எனக்குப் பெரிய காசு. 22 ரூபாவுக்கு ஏறியது. 30 வரட்டும் என்று இருந்தேன். 2012 நடுப்பகுதியில் சுட்டெண் 5,000க்குக் கீழே, என் பங்கு 6 ரூபா. பிறகு கம்பனி உரிமை வழங்கலுக்குப் போனது, அதாவது இருக்கும் பங்குதாரர்களுக்கே புதிய பங்குகளை விற்றுக் காசு திரட்டியது, அதற்கும் காசு கட்டினேன், விட்ட காசைப் பிடிக்கிற எண்ணத்தில். கடைசியில் கணக்கறிக்கை போடாததால் வியாபாரத்தை நிறுத்தினார்கள். இன்றும் சிடிஎஸ் கூற்றில் அந்தப் பெயரும் அதன் பக்கத்தில் பங்குத் தொகையும் ஒரு வரியாக வருகிறது. விற்க முடியாது, அழிக்கவும் முடியாது.

கணக்கீடு படிப்பித்த நான், வாங்கும்போது அந்தக் கம்பனியின் ஒரு காலாண்டுக் கூற்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பக்கத்து மேசை நண்பர் சொன்னார், வாங்கினேன்.

உரிமை வழங்கல் என்றால் இன்னும் மலிவாகப் பங்கு தருகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

10 கோடி பங்குள்ள கம்பனி 1 கோடி உழைத்தால் ஒரு பங்குக்கு 10 சதம். ஒன்றுக்கு இரண்டு என்று புதிதாக 20 கோடி பங்கு வெளியிட்டால் மொத்தம் 30 கோடி. அதே 10 சதம் வர இனி 3 கோடி உழைக்க வேண்டும். திரட்டிய காசில் புதிய இயந்திரம் வாங்குகிறார்களா, பழைய கடனை அடைக்கிறார்களா என்பதை அறிவித்தலில் எழுதியிருப்பார்கள். இயந்திரம் என்றால் யோசிக்கலாம். கடன் என்றால், அதுவும் மூன்று வருடத்தில் இரண்டாவது தடவை என்றால், நான் விலகிவிடுவேன்.

எவ்வளவு போடலாம்? நகையை அடகு வைத்துப் போட்டால்?

அடகு வைத்து வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. அடகு வட்டி மாதாமாதம் ஓடும், பங்கு உங்கள் தவணைக்குப் பார்த்து ஏறாது.

நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிலாவெளியில் அறை வாடகைக்கு விடுபவருக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் கை நிறையக் காசு. கடலுக்குப் போகிறவருக்கு மாரியில் பல நாள் தொழில் இல்லை. செப்டெம்பரில் கையில் நிற்கும் காசு மிச்சக் காசு மாதிரித் தெரியும், உண்மையில் அது டிசம்பர் மாதச் சாப்பாடு. விற்றால் இரண்டு வேலை நாளில் காசு வரும் என்பார்கள். விற்க முடிந்தால் வரும். ஆறு மாதச் செலவை வங்கியில் தனியே வைத்த பிறகு, மீதியில் பத்தில் ஒன்றுக்கு மேல் இந்த வகைப் பங்குகளில் போட வேண்டாம், அதையும் மூன்று நான்கு கம்பனிகளில் பிரித்துப் போடுங்கள். வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 லட்சம் ரூபா வரை காப்புறுதி இருக்கிறது. பங்கின் விலை விழுந்தால் யாரும் தரமாட்டார்கள்.

விலை இறங்கிவிட்டது. இன்னும் வாங்கிச் சராசரியைக் குறைக்கலாமா?

சந்தை முழுவதும் விழுந்ததா, உங்கள் கம்பனி மட்டும் விழுந்ததா? மொத்தச் சுட்டெண் 2021 கடைசியில் 12,226, 2022 கடைசியில் 8,489. அப்படியான வருடத்தில் நல்லதும் சேர்ந்தே விழும், கணக்கறிக்கை நன்றாக இருந்தால் மேலும் வாங்குவதில் நியாயம் உண்டு. சந்தை ஏறும்போது உங்கள் பங்கு மட்டும் இறங்கினால், உங்களுக்குத் தெரியாத ஒன்று யாருக்கோ தெரிந்திருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து கேட்கிறேன். வட்டி சம்பந்தமில்லாத பங்குகள் உண்டா?

உண்டு, ஷரீஆ நெறிக்கு உட்பட்ட பங்குகளின் பட்டியலைத் தரகரிடம் கேளுங்கள். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம்தான் கேட்க வேண்டும், அது என் துறை அல்ல. ஆனால் அந்தப் பட்டியல்கள் வட்டிக் கடன் அதிகமுள்ள கம்பனிகளை வடிகட்டிவிடுகின்றன. சிறிய கம்பனிகள் விழுவது பெரும்பாலும் கடனால்தான், ஆகவே எந்த மதத்தவருக்கும் அது பயன்படும் வடிகட்டி.

சரி சேர், நான் ஒரு கம்பனி பார்த்து வைத்திருக்கிறேன். இப்போது என்ன செய்ய?

ஒரு கொப்பித் தாளை எடுங்கள். மொத்தப் பங்குகள் எத்தனை, அதை விலையால் பெருக்கினால் எவ்வளவு, கடைசி நான்கு காலாண்டில் தொழிலிலிருந்து வந்த காசு எவ்வளவு, கடன் எவ்வளவு, முதல் 20 பேரிடம் எத்தனை சதவீதம், ஒரு நாளில் எத்தனை பங்கு கைமாறுகிறது என்று எழுதுங்கள். கீழே, எந்த விலைக்கு வந்தால் விற்பேன், என்ன நடந்தால் நட்டத்திலும் விற்பேன் என்று இரண்டு வரி. திகதி போடுங்கள். ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. நிரப்ப முடியாத இடம் இருந்தால் அந்தத் தாளோடு வீட்டுக்கு வாருங்கள். சந்தை பகல் 2.30க்கு முடிந்துவிடும், நான் நாலு மணிக்குப் பிறகு விறாந்தையில்தான் இருப்பேன்.